வெளிச்செண்ணெயிலிருந்து வானூர்தி எண்ணெய் வரை: கொச்சிக் கரையின் ஓர் எரிபொருள் வரலாறு

எறணாகுளத்துப் பிராட்வே, காயலுக்கு இக்கரையில் அமைந்த பழைய சந்தைத் தெரு. அக்கரையில் மட்டாஞ்சேரி. அங்கிருந்து வள்ளங்களில் ஏறிய சரக்குகள் சந்தைக் கால்வாய் வழியே இத்தெருவின் பின்புறம் வந்து இறங்கிய காலம் ஒன்றுண்டு. இத்தெருவின் பலசரக்குக் கடையொன்றில் ‘தேங்காய் எண்ணெய்’ என்று கேட்கும் தமிழருக்கு ‘வெளிச்செண்ணயோ?’ என்ற எதிர்க்கேள்வி கிடைப்பது இயல்பு. மலையாளத்தில் தேங்காய் எண்ணெய்க்கு அதுவே பெயர். வெளிச்சம் தரும் எண்ணெய் என்பது அப்பெயருக்குப் பரவலாக ஏற்கப்படும் பொருள்.

வானூர்திகளால் விளையும் காலநிலைக் கேட்டைக் குறைக்க உயிர்ம எண்ணெய்களிலிருந்து எரிபொருள் வடிக்கும் முயற்சி இன்று உலகெங்கும் நடைபெறுகிறது. ‘நீடித்த வானூர்தி எரிபொருள்’ என்று அது அழைக்கப்படுகிறது. அதன் வரலாற்றை ஆய்வகத்திலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் எண்ணெய்களுக்கு மனிதர் இட்ட பெயர்களிலிருந்து தொடங்கினால் வேறொரு வரலாறு புலப்படும். இந்த எரிபொருளின் தகுதியை நிர்ணயிப்பதில் வேதியியலுக்கு நிகரான பங்கு பெயரிடலுக்கும் உண்டு என்பதைக் கொச்சியின் எண்ணெய் வரலாறு காட்டுகிறது.

1. எண்ணெய்களின் பெயர்கள்

தமிழில் ‘எண்ணெய்’ என்பதே எள்ளின் நெய். ஒரு வித்தின் நெய்க்கு வழங்கிய பெயர் பின்னர் எல்லா நெய்களுக்கும் பொதுப்பெயராயிற்று. எள்ளின் நெய்யைத் தனித்துச் சுட்ட ‘நல்லெண்ணெய்’ என்ற புதுப்பெயர் தேவைப்பட்டது. ஆமணக்கின் எண்ணெயைத் தமிழர் ‘விளக்கெண்ணெய்’ என்றனர். தேங்காயின் எண்ணெயை மலையாளிகள் ‘வெளிச்செண்ண’ என்றனர். மலைத்தொடரின் இரு பக்கங்களிலும் விளக்கில் ஊற்றப்பட்ட எண்ணெய் வேறு. பெயரிட்ட முறை ஒன்றே. பயன்பாடே பெயராயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறோர் எண்ணெய் கப்பலேறி வந்தது. கனடாவைச் சேர்ந்த ஏபிரகாம் கெஸ்னர், மெழுகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் ‘கெரோசின்’ என்று பெயரிட்டிருந்தார். தமிழும் மலையாளமும் அதை மண்ணிலிருந்து வந்த எண்ணெயாகக் கண்டன: மண்ணெண்ணெய், மண்ணெண்ண. தமிழ்ப் பேச்சுவழக்கு இன்னும் இரு பெயர்களைத் தந்தது. சீமையிலிருந்து வந்ததால் ‘சீமெண்ணெய்’. கெரோசின் ஆயில் என்பது நாவில் புரண்டு ‘கிருஷ்ணாயில்’. அயற்சொல்லொன்று பழகிய பெயரின் சாயலுக்கு மாறிய இத்திரிபு, அப்பொருள் எத்தனை விரைவில் வீட்டுப் பொருளாயிற்று என்பதற்கும் சான்று.

இங்கு ஒரு செய்தியைக் கருதவேண்டும். ஜெட் வானூர்திகள் எரிப்பது இந்த மண்ணெண்ணெயையே. உறைநிலை, தீப்பற்றும் வெப்பநிலை, தூய்மை ஆகியவற்றில் கடுமையான வரம்புகளுக்கு உட்படுத்தப்பட்டிருப்பினும், ‘ஜெட் ஏ-1’ எனப்படும் எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. விளக்குக்கென வடிக்கப்பட்டது பின்னர் விண்ணுக்கு ஏறிற்று.

2. கரையின் எண்ணெய் கடல் கடந்தது

தேங்காய் எண்ணெய் கொச்சிக்கு உணவாகவும் ஒளியாகவும் இருந்ததோடு வணிகச் சரக்காகவும் இருந்தது. ஆங்கிலத்தின் ‘கோப்ரா’ என்ற சொல்லே, ‘கொப்பர’ என்னும் மலையாளச் சொல் போர்த்துக்கீசிய மொழி வழியே சென்றடைந்த வடிவம். ஐரோப்பியத் தொழிற்சாலைகள் மெழுகுவத்திக்கும் சோப்புக்கும் தாவரக் கொழுப்பைத் தேடிய காலத்தில் இக்கரையின் எண்ணெய்க்குத் தேவை பெருகியது. சுவிட்சர்லாந்தின் வோல்கார்ட் சகோதரர்கள் நிறுவனம் 1859இல் கொச்சியில் கிளை தொடங்கியது. 1867இல் ஆஸ்பின்வால் நிறுவனம் தோன்றியது. மிளகு, கயிறு ஆகியவற்றோடு தேங்காய் எண்ணெயும் அவற்றின் ஏற்றுமதிப் பட்டியலில் இடம்பெற்றது.

1917இல் டாடா எண்ணெய் ஆலை நிறுவனம் தோன்றி, எறணாகுளத்தின் வடபகுதியில் கொப்பரை ஆட்டும் ஆலையை அமைத்தது. பிராட்வேயிலிருந்து அதிகத் தொலைவில்லாத அப்பகுதி இன்றும் டாடாபுரம் என்றே அழைக்கப்படுகிறது. கொப்பரையை அப்படியே அனுப்பாமல் எண்ணெயாக்கி ஏற்றுமதி செய்வதே தொடக்க நோக்கம். சோப்புத் தயாரிப்பு அதனைத் தொடர்ந்தது. அதே டாடா குழுமத்தின் ஜே.ஆர்.டி. டாடா 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குச் சிறுவானூர்தியில் அஞ்சல் கொண்டுவந்தார். இந்திய வான்போக்குவரத்தின் தொடக்க நாட்களுள் அது ஒன்று. ஒரே குழுமத்தில் கொப்பரை ஆலையும் வானூர்தியும் இருந்தன. எனினும் இவ்விரண்டுக்கும் தொடர்பு ஏற்படும் என்று அன்று எண்ண இடமில்லை.

இக்காலகட்டத்தின் முரண் தெளிவானது. கரையின் ஒளி எண்ணெய் அயல்நாட்டு மெழுகுவத்திக்கும் சோப்புக்கும் சென்றது. கரையின் விளக்குகளுக்கு அயல்நாட்டு மண்ணெண்ணெய் வந்தது. ‘வெளிச்செண்ண’ என்ற பெயர் மட்டும் எஞ்சியது.

3. மண்ணெண்ணெய் விண்ணேறியது

ராபர்ட் பிரிஸ்டோவின் தலைமையில் ஆழப்படுத்தப்பட்ட கொச்சி உள்துறைமுகம் 1928இல் கப்பல்களுக்குத் திறந்தது. தூர்வாரிய மண்ணால் எழுந்த வெல்லிங்டன் தீவு பின்னர் வானூர்தித் தளத்துக்கும் இடமளித்தது. கடற்படையின் ஐ.என்.எஸ். கருடா 1953இல் அங்கு நிலைபெற்றது. 1963இல் நிறுவப்பட்ட கொச்சி சுத்திகரிப்பு ஆலை 1966இல் அம்பலமுகளில் இயங்கத் தொடங்கியது. கொச்சி இனி மண்ணெண்ணெயை வடிக்கும் ஊராகவும் ஆயிற்று. 1999இல் நெடும்பாசேரி வானூர்தி நிலையம் திறக்கப்பட்டது. அந்நிலையம் எழும்ப, அயல்நாடுகளில் உழைத்த மலையாளிகள் ஆயிரக்கணக்கில் முதலீடு செய்தனர். வளைகுடாவுக்குச் செல்லும் தொழிலாளியும் தாதியும் ஓட்டுநருமே இந்நிலையத்தின் இயல்பான பயணிகள்.

2015 ஆகஸ்டில் இந்நிலையம் முழுவதும் சூரிய மின்னாற்றலில் இயங்கும் உலகின் முதல் வானூர்தி நிலையமாக அறியப்பட்டது. 2018இல் ஐக்கிய நாடுகள் அவையின் ‘புவியின் காவலர்’ விருதும் பெற்றது. பெருமைக்குரிய சாதனைதான். ஆனால் நிலையத்தின் விளக்குகளும் குளிரூட்டிகளும் கதிரவனால் இயங்கினாலும், ஓடுதளத்திலிருந்து எழும் வானூர்தி மண்ணெண்ணெயையே எரிக்கிறது. ஒரு டன் மண்ணெண்ணெய் எரியும்போது ஏறத்தாழ 3.16 டன் கார்பன் டை ஆக்சைடு வெளிப்படுகிறது. தரையில் தீர்ந்த சிக்கல் விண்ணில் தீரவில்லை. மின்கலங்களின் எடை காரணமாக நெடுந்தொலைவு வானூர்திகளுக்கு நீர்ம எரிபொருளை விட்டால் இப்போதைக்கு வழியில்லை. ஆகவே எரிபொருளின் மூலத்தை மாற்றுவது என்ற எண்ணம் வலுப்பெற்றது.

4. தேங்காய் பறந்த நாள்

2008 பிப்ரவரி 24 அன்று வர்ஜின் அட்லாண்டிக் நிறுவனத்தின் போயிங் 747 ஒன்று, பயணிகள் இன்றி, லண்டன் ஹீத்ரோவிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் பறந்தது. அதன் நான்கு பொறிகளுள் ஒன்றுக்குரிய எரிபொருளில் 20 விழுக்காடு தாவர எண்ணெயிலிருந்து பெறப்பட்டது. அதன் மூலங்கள் இரண்டு: பிரேசிலின் பபாசு என்னும் பனை வகையின் கொட்டையும் தேங்காயும். பெரிய பயணிகள் வானூர்தி நிறுவனமொன்று உயிர்ம எரிபொருளுடன் நடத்திய முதல் பறப்பு அது.

தேங்காய்க்கு வேதியியல் காரணம் உண்டு. ஜெட் எரிபொருளின் மூலக்கூறுகள் பெரும்பாலும் 8 முதல் 16 வரை கார்பன் அணுக்கள் கொண்ட தொடர்கள். சோயா, கடுகு போன்றவற்றின் கொழுப்பு அமிலங்கள் 18 கார்பன் அளவில் நீண்டவை. அவற்றைச் சிதைத்துக் குறுக்கவேண்டும். தேங்காய் எண்ணெயின் ஏறத்தாழப் பாதி 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். அதாவது தேங்காய், நீள அளவில், பிறப்பிலேயே மண்ணெண்ணெய்க்கு நெருக்கமானது. குறையும் உண்டு. மார்கழிக் காலையில் புட்டியிலேயே உறைந்துவிடும் எண்ணெய் அது. 24 பாகை செல்சியசில் கெட்டியாகிறது. ஜெட் ஏ-1 சுழியத்துக்குக் கீழ் 47 பாகை வரை உறையாதிருக்க வேண்டும். எனவே எண்ணெயுடன் ஹைட்ரஜனைச் சேர்த்து ஆக்சிஜனை நீக்கி, மூலக்கூறுகளைக் கிளைவடிவாக்கும் முறை வகுக்கப்பட்டது. தாவர எண்ணெயையும் கொழுப்பையும் இவ்வாறு மாற்றிப் பெற்ற எரிபொருளை 50 விழுக்காடு வரை கலக்கலாம் என 2011இல் பன்னாட்டுத் தர விதி ஏற்றது.

தடை வேதியியலில் இல்லை, கணக்கில் உள்ளது. ஒரு தேங்காயிலிருந்து ஏறத்தாழ 90 கிராம் எண்ணெய் கிடைப்பதாகக் கொண்டால், ஒரு டன் எண்ணெய்க்கு 11,000 காய்கள் வேண்டும். கொச்சியிலிருந்து துபாய் செல்லும் நடுத்தர வானூர்தி ஒருவழிப் பயணத்தில் சுமார் 10 டன் எரிபொருள் கொள்ளும். மாற்றத்தில் நேரும் இழப்பைப் புறக்கணித்தாலும் 1,10,000 காய்கள். மரத்துக்கு ஆண்டுக்கு 70 காய், ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 9 ஹெக்டேர்த் தென்னந்தோப்பின் ஓராண்டு விளைச்சல் நான்கு மணி நேரத்தில் எரிந்து தீரும். இந்தியாவின் ஆண்டு விளைச்சல் சுமார் 2,000 கோடி காய்கள். சமையலுக்கும் கோவிலுக்கும் ஒரு காய்கூட விடாமல் அனைத்தையும் ஆட்டினாலும் 18 இலட்சம் டன் எண்ணெயே கிடைக்கும். நாட்டின் வானூர்தி எரிபொருள் பயன்பாடு ஆண்டுக்கு 80 இலட்சம் டன்னைக் கடந்துவிட்டது.

அந்த ஆண்டு உலக உணவு விலைகள் உச்சத்திலிருந்த ஆண்டு என்பதையும் நினைவுகூர வேண்டும். தேங்காயைப் பறக்கவிட்ட நிறுவனமே, எதிர்காலம் தேங்காயில் இல்லை, பாசி போன்ற பிற மூலங்களில்தான் உள்ளது என்று விளக்க நேர்ந்தது.

5. ‘தரிசு’ என்னும் சொல்

உணவோடு போட்டியிடாத வித்து வேண்டும் என்ற தேடலில் இந்தியா காட்டாமணக்கைக் கண்டது. நச்சுத்தன்மையால் ஆடு மாடு கடிக்காத செடி. வறண்ட நிலத்திலும் வளரும் என்று நம்பப்பட்டது. 2003இல் திட்டக்குழுவின் அறிக்கை, ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் காட்டாமணக்குக்கு உகந்தது என மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி ‘தரிசு’ என வகைப்படுத்தப்பட்ட நிலம். 2009இன் தேசிய உயிர்ம எரிபொருள் கொள்கை 2017க்குள் 20 விழுக்காடு கலப்பை இலக்காக வைத்தது.

தமிழ்நாட்டின் அனுபவத்தை பெரே அரிசா-மொன்டோபியோ, சரத்சந்திர லேலே ஆகியோர் 2010இல் வெளியிட்ட கள ஆய்வு பதிவு செய்துள்ளது. எதிர்பார்த்த விளைச்சல் கிடைக்கவில்லை. நீர் வசதி உள்ள நிலத்தில் மட்டுமே ஓரளவு பயனுக்கு வாய்ப்பிருந்தது. நிலமும் நீரும் உள்ளவர் தாங்கிக்கொண்ட இழப்பைச் சிறு உழவரால் தாங்க இயலவில்லை. உணவுக்கும் தீவனத்துக்கும் உரிய நிலத்தோடு அப்பயிர் போட்டியிட்டது. காகிதத்தில் தரிசாக இருந்தது, ஊரில் ஆடு மேயும் இடமாகவும் விறகு பொறுக்கும் இடமாகவும் இருந்தது. ‘தரிசு’ என்பது மண்ணின் இயல்பைச் சொல்லும் சொல்லாகத் தோன்றினும், அந்நிலத்தைப் பயன்படுத்துவோர் எவருமில்லை என்ற தீர்ப்பும் அதனுள் அடங்கியிருந்தது.

காட்டாமணக்கு முற்றிலும் வீணாகவில்லை. 2018 ஆகஸ்டு 27 அன்று டேராடூனிலிருந்து டெல்லிக்குப் பறந்த ஸ்பைஸ்ஜெட் வானூர்தியின் ஒரு பொறியில், டேராடூனின் இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து வடித்த எரிபொருள் 25 விழுக்காடு கலக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இந்திய விமானப்படையின் ஏஎன்-32 வானூர்தியும் அவ்வெரிபொருளுடன் பறந்தது. அறிவியல் தன் பணியைச் செய்தது. வித்தைத் தொடர்ந்து தரும் வயல்தான் இல்லாமற்போயிற்று.

6. ‘கழிவு’ என்னும் சொல்

இன்றைய நம்பிக்கை ‘கழிவு’ என்ற சொல்லின்மீது நிற்கிறது. பன்னாட்டுக் குடிசார் வானூர்தி அமைப்பான ஐகாவோவின் கார்பன் ஈட்டுத்திட்டக் கணக்கில், மண்ணெண்ணெய்க்கு ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு 89 கிராம் உமிழ்வு. பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து வடித்த எரிபொருளுக்கு 13.9 கிராம். இத்தனை பெரிய வேற்றுமைக்கு முதன்மையான காரணம், கழிவுக்கு முன்வரலாறு கணக்கிடப்படுவதில்லை என்பது. பனையை நட்டதும் காட்டை அழித்ததும் உரமிட்டதும் முதல் பயனின் கணக்கில் சேரும்; இரண்டாம் பயனின் கணக்கில் சேராது. ஆகவே ஒரு பொருள் ‘விளைபொருள்’ என்று பதியப்படுகிறதா, ‘துணைப்பொருள்’ என்றா, ‘கழிவு’ என்றா என்பதைப் பொறுத்து எரிபொருளின் தூய்மை மாறுகிறது. மூலக்கூறு ஒன்றே, பெயர் மாறினால் எண் மாறும்.

2023 நவம்பர் 28 அன்று அதே வர்ஜின் அட்லாண்டிக், அதே ஹீத்ரோவிலிருந்து நியூயார்க்குக்கு முழுவதும் நீடித்த எரிபொருளால் பறந்தது. இம்முறை தேங்காய் இல்லை. பெரும்பகுதி கழிவுக் கொழுப்புகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, 2025இல் 2 விழுக்காடும் 2030இல் 6 விழுக்காடும் கலக்கவேண்டும் என்கிறது. உணவுப் பயிர்களிலிருந்து வந்ததை அக்கணக்கில் ஏற்பதில்லை. இதற்கிடையே ஐகாவோவின் மூலப்பொருள் பட்டியலில் ‘தரத்துக்கு ஒவ்வாத தேங்காய்’ என்ற இனம் இடம்பெற்றது. சிறுத்த, முளைத்த, வெடித்த, அழுகிய காய்களை அது குறிக்கிறது. வாயிலில் நிறுத்தப்பட்ட தேங்காய், வேறு பெயருடன் பின்கதவால் நுழைந்தது எனலாம்.

கொச்சியின் சந்தையை அறிந்தோர்க்கு இவ்வினம் சற்று வியப்பளிக்கும். தென்னையில் எதுவும் கழிவன்று. மட்டை கயிறாகிறது, சிரட்டை கரியாகிறது, புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. உண்ணும் கொப்பரை வேறு, அரவைக் கொப்பரை வேறு. தாழ்ந்த தரத்துக்கும் ஒரு விலையும் ஒரு வாங்குவோரும் உண்டு. கொச்சியிலும் தமிழகத்தின் காங்கேயத்திலும் நாள்தோறும் சொல்லப்படும் விலைகளுக்குப் பின்னால் இந்தத் தரப்பிரிவு முழுவதும் நிற்கிறது. ‘தரத்துக்கு ஒவ்வாதது’ வானூர்திக்குச் சென்றால், அதை இதுகாறும் வாங்கியவர் வேறொன்றைத் தேடுவார். தரிசு நிலத்தில் நிகழ்ந்தது கழிவு எண்ணெயிலும் நிகழலாம்.

இது வெறும் ஊகமன்று. பிலிப்பைன்ஸ் நாடு டீசலில் தேங்காய் எண்ணெய் வழிவந்த எரிபொருளைக் கலக்கிறது. அப்பங்கை 2024 அக்டோபரில் 3 விழுக்காடாக உயர்த்திய அரசு, 4 விழுக்காடாக்கும் அடுத்த படியை 2025இல் தேங்காய் எண்ணெயின் விலையேற்றத்தால் நிறுத்திவைத்தது. அதே 2025இல் கேரளத்தில் தேங்காய் எண்ணெயின் சில்லறை விலை லிட்டருக்கு 400 ரூபாயைக் கடந்தது. விலையேற்றத்துக்கு வானூர்திகள் காரணமல்ல. விளைச்சல் குறைவே முதன்மைக் காரணம். எனினும் வீட்டுச் சமையற்கட்டு ஏற்கெனவே திணறும் ஒரு சந்தையில் புதிதாக ஒரு வாங்குவோர் நுழைவதன் பொருளை அந்த ஆண்டு உணர்த்திற்று.

பயன்படுத்திய எண்ணெயிலும் சிக்கல் உண்டு. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவது உடலுக்குக் கேடு. அதன் சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைக் கடந்தால் பயன்படுத்தலாகாது என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு விதி 2018 ஜூலை முதல் நடப்பிலுள்ளது. அவ்வாறு கழிந்த எண்ணெயைச் சேகரித்து எரிபொருளாக்கும் திட்டமும் அதே ஆண்டு தொடங்கியது. சந்தைத் தெருக்களின் வறுவல் சட்டியிலிருந்து எண்ணெய் ஓடையில் கொட்டப்படாமலும் மலிவாக மறுவிற்பனை ஆகாமலும் ஆலைக்குச் செல்லுமாயின், உடல்நலத்துக்கும் காலநிலைக்கும் ஒருங்கே நன்மை. நீடித்த எரிபொருளின் மிக வலுவான வாதம் இதுவே. ஆனால் கழிந்த எண்ணெயின் விலை புதிய பனை எண்ணெயின் விலையை மிஞ்சும்போது, புதியதைக் கழிந்ததெனப் பெயரிட்டு விற்கும் தூண்டுதல் பிறக்கிறது. ஐரோப்பா இறக்குமதிகள்மீது இத்தகைய ஐயத்தை வெளிப்படையாகவே எழுப்பியுள்ளது.

7. எவருடைய பயணம், எவருடைய எண்ணெய்

2023 மே 19 அன்று உள்நாட்டில் தயாரான நீடித்த எரிபொருளைச் சிறு அளவில் கலந்த பயணிகள் வானூர்தி புனேயிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. அதே ஆண்டு நவம்பரில் இந்தியா பன்னாட்டுப் பறப்புகளுக்கான இலக்குகளை அறிவித்தது: 2027இல் 1 விழுக்காடு, 2028இல் 2. 2030க்கான 5 விழுக்காடு பின்னர் சேர்ந்தது. எண்கள் சிறியவை. ஆனால் உலகளவிலும் 2024இல் இவ்வெரிபொருளின் உற்பத்தி 10 இலட்சம் டன் அளவிலேயே இருந்தது. மொத்த ஜெட் எரிபொருளில் அது 0.3 விழுக்காடு. விலையோ மண்ணெண்ணெயைப் போல் இரண்டு முதல் ஐந்து மடங்கு.

இந்த இலக்குகள் பன்னாட்டுப் பறப்புகளையே முதலில் தொடுகின்றன என்பது கொச்சிக்குப் பொருளுள்ள செய்தி. நெடும்பாசேரியின் பன்னாட்டுப் பயணி வணிக வகுப்பில் உலகம் சுற்றுபவர் மட்டுமல்லர். ஈராண்டுக்கு ஒருமுறை வீடு திரும்பும் தொழிலாளியும்தான். எரிபொருளின் கூடுதல் விலை பயணச்சீட்டில் ஏறினால் அவரும் செலுத்துவார். சமையல் எண்ணெய் விலையேறினால் அவர் அனுப்பும் பணத்தில் குடும்பம் நடத்துபவரும் செலுத்துவார். அத்தகைய குடும்பத்திடம் இரு முறை வாங்கி விண்ணைத் தூய்மை செய்வது நீடித்த வழியாகாது.

இதனால் முயற்சியே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவது தவறு. காலநிலைக் கேட்டின் சுமையும் கடலோரத்துக்குத்தான் முதலில் வரும். செல்லானத்தில் வீட்டு வாசலுக்கு ஏறிவரும் கடல் இதை ஆண்டுதோறும் கூறுகிறது. 2018 வெள்ளத்தில் நெடும்பாசேரி ஓடுதளமே நீரில் மூழ்கி நிலையம் இரு வாரங்கள் மூடப்பட்டிருந்தது. மாற்று எரிபொருள் தேவை. ஆனால் மூலப்பொருளுக்குப் பெயரிடும் பொறுப்பை வேதியியலாளரிடமும் தணிக்கையாளரிடமும் மட்டும் விட்டுவிட இயலாது. ‘தரிசு’ என்று எழுதுமுன் அந்நிலத்தில் மேய்ப்பவரை விசாரிக்கவேண்டும். ‘கழிவு’ என்று எழுதுமுன் அதை இன்று வாங்குபவரை விசாரிக்கவேண்டும். ‘தரத்துக்கு ஒவ்வாதது’ என்று எழுதுமுன் அத்தரத்தை வகுத்தவர் எவர் என்று விசாரிக்கவேண்டும்.

கரையின் மக்கள் எண்ணெய்க்குப் பெயரிட்டபோது, அது எதற்குப் பயன்பட்டது என்பதைச் சொன்னார்கள். எவருக்கும் பயன்படவில்லை என்று சொல்லும் பெயர்களை இந்நூற்றாண்டின் ஆவணங்கள் இடுகின்றன. அப்பெயர் ஒவ்வொன்றும் கள ஆய்வால் சரிபார்க்கப்படவேண்டிய கருதுகோள். மொழியியல், பொருளியல், வேளாண்மை ஆகிய துறைகளின் மாணவர்கள் சேர்ந்து செய்யவேண்டிய அப்பணிக்குக் களம் தொலைவில் இல்லை. காங்கேயத்தின் கொப்பரைக் களத்திலும், மட்டாஞ்சேரியின் எண்ணெய் மண்டியிலும், பிராட்வேயின் வறுவல் சட்டியிலும் அது இருக்கிறது.